சாப்பாட்டுக் கூடத்தில் ஏறிய படகு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நான் பார்க்கவில்லை, கேட்டேன். பார்த்தவள் என் அக்கா. புயல் கரையைக் கடந்த மறுவாரம், சொந்தபந்தமெல்லாம் தலையில் அடித்துக்கொள்ள, அத்தானை இழுத்துக்கொண்டு கடற்கரை ஊருக்குச் சுற்றுலா போய்வந்தவள். திரும்பியதும் பையைக்கூடக் கீழே வைக்காமல் என் வீட்டு வாசலில் நின்று, "டேய், நீ என்னமோ எழுதுறியே, இத எழுது" என்றாள்.

எழுதினேன்.

'வானம் அழுது ஓய்ந்திருந்தது. மரங்கள் தலைவிரிகோலமாய்...'

(வாசித்துக் காட்டினேன். "யாரு செத்தது?" என்று கேட்டாள். அடித்துவிட்டேன்.)

'பேரிடருக்குப் பிந்தைய சுற்றுலா என்பது மனித மனத்தின்...'

(இதை நானே அடித்துவிட்டேன்.)

2

அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு இரண்டு ஆசைகள். ஒன்று, கடலைப் பார்க்க வேண்டும். இன்னொன்று, அதில் படகில் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு பரீட்சையோ ஓர் அம்மையோ யார் வீட்டுக் கல்யாணமோ குறுக்கே வந்து விழும். இந்த வருஷம் பிள்ளைகள் இருவரும் விடுதியில். லீவு கிடைத்தது, லாட்ஜில் அறையும் கிடைத்தது. புயலும் வந்தது.

லாட்ஜ்காரம்மாவின் மகள்தான் போன் செய்தாள். கூரையில் பாதி போய்விட்டது, தயவுசெய்து வராதீர்கள் என்றாள்.

"மிச்சம் பாதி இருக்குல்ல?" என்றாள் அக்கா.

அத்தானைப் பற்றி ஒரு சந்தேகம். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து நோயாளிகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர். வீட்டில் வாய் திறக்காதவர். அவரை வைத்துக்கொண்டு கதையில் என்ன செய்வது? ஒரு வரைவில் வெட்டியே பார்த்தேன். கதை சிக்கென்று இருந்தது. அக்கா வாசித்துவிட்டு, "அப்போ மூட்டைய யாரு தூக்குனா?" என்றாள். மறுபடி சேர்த்துவிட்டேன்.

3

ஊருக்குக் கொஞ்சம் முன்னாலேயே பஸ் நின்றுவிட்டது. அதற்குமேல் தெருவில் மணல். இருவரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ஓட்டல் நீச்சல் குளங்களில் மணல் தளும்பிக் கிடந்தது. கடற்கரைக் குடை ஒன்று மரக்கிளையில் விரிந்தபடி தொங்கியது. மிதவை விற்கும் கடைக்காரர் வாத்து, மீன், முதலை என்று ரப்பர் மிதவைகளைக் கொடியில் துணிபோலக் காயப்போட்டிருந்தார்.

அவர்தான் முதலில் பார்த்தார். பை, தண்ணீர் பாட்டில், அத்தான் கழுத்தில் காமிரா. அடுத்த கடையை எட்டிப் பார்த்து ஏதோ சொன்னார். இவர்கள் தெருமுனைக்குப் போவதற்குள் செய்தி அங்கே போயிருந்தது: ஆள் வந்தாச்சு. தொப்பிக் கடைக்காரர் ஓடிவந்து ஆளுக்கொரு தொப்பியை மாட்டிவிட்டார். காசு நீட்டியதற்கு, "போணி பண்ண நீங்க வந்ததே போதும்" என்று கையைத் தள்ளினார். தன்னைப் பார்த்து ஓர் ஊரே சிரிப்பது அக்காவுக்கு அதுதான் முதல் தடவை. கல்யாணத்தன்றுகூட இப்படி இல்லையாம்.

4

லாட்ஜின் சாப்பாட்டுக் கூடம் கடலைப் பார்த்தது. அதற்குள் ஒரு படகு நின்றது.

(இந்த இரண்டு வாக்கியங்களுக்காகத்தான் நான் இந்தக் கதையை எழுத ஒப்புக்கொண்டேன்.)

சுற்றுலாக்காரர்களை ஏற்றிப்போகும் மரப்படகு. புயலன்று தண்ணீர் ஏறியபோது முன்பக்க அரைச்சுவரைத் தாண்டி, கண்ணாடியை நொறுக்கிக்கொண்டு மிதந்தே உள்ளே வந்துவிட்டது. தண்ணீர் போய்விட்டது, படகு போகவில்லை. வந்த வேகத்தில் ஒரு தூணையும் சாய்த்ததில், அந்தத் தூண் படகின் விளிம்பில் தலைவைத்துக் கிடந்தது.

அது வேறு யாருடைய படகாக இருந்தாலும் பரவாயில்லை. லாட்ஜ்காரம்மாவின் சம்பந்தியுடையது. தன் மகளை அவர் மகனுக்குத்தான் இந்த அம்மாள் கட்டிக்கொடுத்திருந்தார். கல்யாணம் முடிந்த கையோடு படகுக்காரர் தன் படகின் விலாவில் ஒரு விளம்பரம் எழுத இடம் கொடுத்தார், எதிர்வரிசைப் பெரிய ஓட்டலுக்கு. அன்றோடு பேச்சு நின்றது. இப்போது அந்த விளம்பரம் கூடத்தின் நடுவில், 'எங்களிடம் வந்து தங்குங்கள்' என்று லாட்ஜ்காரம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தது.

சம்பந்திகள் கைநீட்டினால் தொடும் தூரத்தில் நின்றுகொண்டு, மகள் வழியாகவே பேசினார்கள்.

"உன் மாமனார்கிட்ட சொல்லு. படகு அவரோடது, இடம் என்னோடது. அறுத்து எடுத்துட்டுப் போகச் சொல்லு."

"உங்க அம்மாகிட்ட சொல்லும்மா. சுவர இடிச்சா திரும்பக் கட்டிக்கலாம். படக அறுத்தா ஒட்ட முடியாது."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நடுவில் கொத்தனார் வந்து, படகுதான் இப்போது கூரையைத் தாங்கி நிற்கிறது, முட்டுக் கொடுக்காமல் யாரும் எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

(பகையாளியின் படகு கூரையைத் தாங்குகிறதா! உவமை கொஞ்சம் துருத்துகிறதே என்றேன். "உவமையா? அது கூரைடா" என்றாள் அக்கா.)

5

கூடத்தில் உட்கார உலர்ந்த இடம் படகின் பலகைகள்தான். தூண் சாய்ந்த பக்கம் போகாமல், மகள் மறுமுனையில் ஏணி வைத்து விருந்தாளிகளை ஏற்றிவிட்டு, சுடச்சுடச் சோறும் குழம்பும் பரிமாறினாள். உடைந்த முகப்பின் வழியே கடல் முழுசாகத் தெரிந்தது. அக்கா ஒரு கவளம் வாயில் போடுவாள், கடலைப் பார்ப்பாள், அத்தானை இடிப்பாள்.

கீழே மறுபடியும் "உன் மாமனார்கிட்ட சொல்லு" என்று ஆரம்பித்தது.

மகள் கரண்டியைச் சட்டியில் போட்டாள். ஏணியில் ஏறி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தட்டை எடுத்துக்கொண்டாள்.

"இனிமே நான் யார்கிட்டயும் எதையும் சொல்லப் போறதில்ல. இன்னைக்கு நானும் விருந்தாளி. எனக்குச் சோறு போடுங்க."

அந்த நேரம் பார்த்து, சண்டையின் தலையும் வாலும் புரியாத அக்கா, கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டாள்.

"இந்தப் படகு எப்போ கடலுக்குப் போகும்? நாங்க நாளைக்கும் இருப்போம்."

லாட்ஜ்காரம்மா அவளை அண்ணாந்து பார்த்தார். புயலுக்குப் பிறகு அந்த ஊருக்கு வந்த முதல் விருந்தாளி. அவளுடைய ஆசை அந்த அரைச்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஏணியில் ஏறி மகளின் தட்டில் சோற்றை வைத்தார். பிறகு இறங்கி வாசலுக்குப் போய், தெருவில் நின்ற கொத்தனாரைக் கூப்பிட்டார்.

"நாளைக்குக் காலையில இடிச்சிடுங்க."

"முதல்ல முட்டுக் கொடுத்துடுங்க" என்றார் படகுக்காரர். அவரும் கொத்தனாரிடம்தான் சொன்னார்.

6

மறுநாள் ஊரே வந்தது. கூரைக்கு இரும்பு முட்டுகள் ஏறின. அரைச்சுவர் விழுந்தது. புயலில் சாய்ந்த மரத்தடிகளை உருளைகளாகப் படகுக்கு அடியில் கொடுத்தார்கள். தொப்பிக்காரர், மிதவைக்காரர், ஐஸ்காரர், போட்டோக்காரர் எல்லோரும் கயிற்றைப் பிடித்தார்கள். எதிர்வரிசை ஓட்டலின் சமையல்காரர்கள் வெள்ளைத் தொப்பியோடு வந்து நின்றபோது, லாட்ஜ்காரம்மா பார்க்காத மாதிரி நகர்ந்து இடம் விட்டார்.

ஆளாளுக்கு இழுத்ததில் படகு அசையவில்லை. அப்போதுதான் அத்தான் தொண்டையைக் கனைத்தார். "தொப்பிக்காரர், ஐஸ்காரர், போட்டோக்காரர்" என்று ஆஸ்பத்திரிக் குரலில் ஒவ்வொருவராய்க் கூப்பிட்டு, கடைசியில் "எல்லாரும்" என்று ஓங்கினார். இழுத்தார்கள். மறுபடி வரிசை, மறுபடி "எல்லாரும்". படகு நகர்ந்தது. கயிற்றில் தொங்கிக்கொண்டே அக்கா தன் புருஷனை வாய்பிளந்து பார்த்தாளாம்.

கூரை கிறீச்சிட்டது. சுண்ணாம்புத் தூள் கொட்டியது.

(கூரை விழுந்துவிட்டதாக ஒரு வரைவு என்னிடம் இருக்கிறது. அருமையான பக்கம் அது. "விழலையேடா" என்றாள் அக்கா. கதைக்கு நன்றாக இருக்கும் என்றேன். "அந்தம்மாவுக்கு?" என்று கேட்டாள். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.)

கூரை நின்றது. படகு வெயிலுக்கு வந்தது, மணலில் இறங்கியது, கடலில் மிதந்தது. ஊர் போட்ட கூச்சலில் மரத்திலிருந்த குடைகூட விழுந்தது என்கிறாள் அக்கா. இதை மட்டும் நான் நம்பவில்லை.

7

இனிமேல்தான் சிக்கல். கயிறு பிடித்தவர்கள் எல்லோரும் படகில் ஏறிவிட்டார்கள். அக்காவும் அத்தானும் முன்பலகையில். மகள் வேண்டுமென்றே கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். எஞ்சின் உறுமுகிறது. படகுக்காரர் சுக்கானில். லாட்ஜ்காரம்மா சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி முழங்கால் தண்ணீரில் நிற்கிறார். இடையில் கொத்தனார்கூட இல்லை.

அவர் ஏறினார், கடலில் ஒரு சுற்றுப் போய்வந்தார். அது நிச்சயம். அதற்கு முன்னால் யாரோ பேசியிருக்க வேண்டும்.

படகுக்காரர், "வாங்க சம்பந்தி" என்று...

லாட்ஜ்காரம்மா, "சம்பந்தி, கொஞ்சம் கையக் குடுங்க" என்று...

அக்காவைக் கேட்டால், "எஞ்சின் சத்தத்துல எங்கடா கேட்டுச்சு? ரெண்டு பேர் வாயும் அசஞ்சது" என்கிறாள். எது முதலில் அசைந்தது என்றால், அவள் அத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

எனக்குப் படகுக்காரர் பேசினால் பிடிக்கும். அக்காவுக்கு அந்த அம்மாள். அதனால் முதல் வார்த்தையை உங்களிடம் தருகிறேன், யார் வாயில் வேண்டுமானாலும் வையுங்கள். சீக்கிரம் வையுங்கள். பெரிய அலை ஒன்று வருகிறது, அந்த அம்மாள் இன்னும் தண்ணீரில் நிற்கிறார்.