சுல்தான் பீவி வீட்டு மூன்றாம் படி

காலையிலிருந்தே எனக்குக் கோபம். மழைமேல் இல்லை, சிவராமன் சார்மேல். பொதுப்பணித்துறை அலுவலகத்தில் எனக்கு மேலதிகாரி. நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு முடிவு எடுத்துவிட்டால் லேசில் இறங்கி வரமாட்டார்.

காரைக்காலில் விடாத மழை. ஊரே இன்னும் பேசுகிற அந்தப் பழைய வெள்ளத்தின் அளவுக்கே இந்த முறையும் தண்ணீர் வரும் என்று தகவல். அப்படியானால் வடிவாய்க்கால் ஓரத்துத் தெருவில் எவ்வளவு ஏறும்? அதைக் கணித்துச் சொல்வதுதான் எங்கள் வேலை. அந்த வெள்ளத்தைக் கண்ணால் பார்த்த சுல்தான் பீவி மாமி, "எங்க வீட்டு மூணாம் படி வரைக்கும் வந்துச்சு, அதுக்கு மேல ஏறல" என்று சொல்லியிருந்தார். சார் மூன்றாம் படியை அளந்தார். மேலே அதுதான் கடைசிப் படி. தண்ணீர் அதுவரை வந்தால் ஒரு சின்ன அலையே போதும், தெரு முழுக்க எல்லா வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்துவிடும்.

"ஊருக்கு வெளிய சுரக்குடியில வாய்க்கால் கரையை வெட்டி வயல்ல திருப்பிவிட்டாதான் டவுன் தப்பும். மூணு மணிக்கு வெட்டச் சொல்லிட்டேன்" என்றார்.

அங்கே கரைக்குக் கீழே முதல் வயல் வடிவாம்பாள் அக்காவுடையது. முதல் நடவு அழுகிப்போய், இரண்டாவது முறை நட்ட சம்பா. இதுவும் போனால் மறுபடி நட நாற்றும் கிடையாது, பருவமும் கிடையாது. போனில் அழுதார்.

"அம்மாடி, ஊருக்காக வெட்டித்தான் ஆகணும்னா வெட்டுங்க. ஆனா கணக்கு சரிதானான்னு ஒரு தடவ பாத்துட்டு வெட்டுங்க."

அதற்குப் பிறகு நான் எப்படி உட்கார்ந்திருப்பேன்? நேராக மாமி வீட்டுக்குப் போனேன். சாரும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

வீட்டு ஜன்னல் தெருவிலிருந்து என் இடுப்பு உயரத்தில் இருந்தது. தெருவைப் பார்த்த ஜன்னலை எந்தக் கொத்தனார் இடுப்புயரத்தில் வைப்பார்? சுருக்கென்றது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புது ரோடு, அதன்மேல் இன்னொன்று என்று போட்டுக்கொண்டே வந்திருக்கிறோம்.

"மாமி, நீங்க கல்யாணமாயி வந்தப்ப வாசல்ல எத்தனை படி?"

"அஞ்சு. அந்த வெள்ளம் வந்தப்பவும் அஞ்சுதான். பொடவை தடுக்கும், எண்ணி ஏறுன்னு உன் மாமா சொல்லுவாங்க."

"இப்ப மூணுதானே இருக்கு?"

மாமி எட்டிப் பார்த்தார். "யா அல்லாஹ்! மீதிய எவன் தூக்கிட்டுப் போனான்?"

பக்கத்து வீட்டில் கடப்பாரை வாங்கி நானே குத்தினேன். ஜல்லி பெயர்ந்தது. அடியில் கருங்கல் படி ஒன்று. இன்னும் தோண்டினால் இன்னொன்று. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

"இது ஒண்ணு, இது ரெண்டு. மாமி சொன்ன மூணாம் படி இதோ, நம்ம கண்ணுக்கு முதல் படி! தண்ணி இதுக்கு மேல வராது சார். கரையை வெட்டாதீங்க."

"வந்துட்டா?"

"எழுதித் தரேன் சார். வந்தா என் வேலையை எடுத்துக்குங்க."

சார் குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனை எடுத்தார். "நான் சொல்றவரைக்கும் மம்பட்டி மண்ணுல படக்கூடாது."

வாய் நீளமாகப் பேசிவிட்டு, வாசலிலேயே நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் ரோட்டை மூடியது. முதல் படியின் அடியைத் தொட்டது. பாதிக்கு வந்தது. தெருவே என்னைத்தான் முறைத்தது. படியின் மேல்விளிம்பு நனைந்தபோது மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு துஆ ஓதினார். தண்ணீர் அங்கேயே நின்றது. பொழுது சாயும்போது கல்லில் ஈரக்கோடு ஒன்றை விட்டுவிட்டு விரற்கடை அளவு கீழே இறங்கியது.

"எறங்குதுடீ!" என்று மாமி போட்ட கூச்சலில் தெருவே ஆர்ப்பரித்தது. பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நின்ற சிவராமன் சார் கைதட்டினார். "ஜெயிச்சிட்டம்மா நௌஷின்! இனிமே இந்த ஊர்ல உன்னைக் கேக்காம ரோடு போடமாட்டேன்."

நான் சுரக்குடிக்குப் போன் போட்டேன். "வடிவாம்பாக்கா, தண்ணி எறங்கிடுச்சு! கரையை வெட்டப்போறதில்ல!"

அந்தப் பக்கம் மழைச் சத்தம். அதற்கு மேலே அக்காவின் குரல்.

"வெட்டுங்கன்னு வாயால சொல்லிட்டேன் அம்மாடி, மனசு கேக்கல. வெட்டறதுக்குக் கோடு போட்ட எடத்துலயே மத்தியானத்திலேருந்து உக்காந்திருக்கேன். இப்ப எந்திரிக்கலாமா?"

"எந்திரிங்கக்கா!" என்று கத்தினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "எந்திரிச்சு உங்க வயலப் பாருங்க!"