முட்டி வலி

பிரிக்பீல்ட்ஸ் மாடியறையில் கூடும் முன்னாள் படைவீரர்களுக்கு வலி என்று ஒன்று இருந்தால், அது முட்டியில்தான் இருக்கவேண்டும். இந்த விதியை யாரும் வகுக்கவில்லை, மீறியவரும் இல்லை. கொரில்லாக்களைத் தேடிப்போன எல்லைக் காடுகளில் கண்ணிவெடிகள் கூட்டாளிகள் சிலரின் கால்களைப் பறித்திருந்தன. இரண்டு கால்களோடும் திரும்பி வந்தவன் வேறெதைச் சொல்லி முறையிடுவது? ஆகவே உறக்கமின்மையும், மனைவிமீது காரணமின்றி ஓங்கும் கையும், மோட்டார் சைக்கிளின் வெடிப்பொலிக்கு நடைபாதையில் குப்புற விழுவதும் முட்டி வலி என்ற ஒரே சொல்லுக்குள் அடைக்கப்பட்டன. முட்டி எப்படி என்று ஒருவர் கேட்பார். மழைக்குக் கொஞ்சம் ஜாஸ்தி என்பார் மற்றவர். இருவருக்கும் புரிந்துவிடும். அதற்குமேல் கேட்பது மரியாதையில்லை.

1992இல் அங்கு வரத் தொடங்கிய டாக்டர் சண்முகரத்தினத்துக்கு இந்த அகராதி தெரியாது. அவர் ஏற்படுத்திய முறை மூன்று படிகள் கொண்டது. முதலில், காட்டை அறிந்த கூட்டாளி ஒருவரே வீடு தேடிப் போய்ப் பேசுவார். அதனோடு தணியாவிட்டால் சனிக்கிழமை மாடியறைக் கூட்டம். அங்கும் தணியாவிட்டால் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் டாக்டரே பார்ப்பார். யார் அடுத்த படிக்குப் போகவேண்டும் என்பதை அந்தக் கூட்டாளியின் சொல்லே தீர்மானித்தது.

அப்படி வீடு தேடிப் போகும் கூட்டாளிகளில் ஒருவரான நாகையாவிடம் ஒப்படைக்கப்பட்டவன் வேலாயுதம். காட்டில் அவர் கோப்ரலாக இருந்தபோது அவருக்குக் கீழே இருந்தவன். இப்போது மேரு என்ற ஊரில் ஒரு கையுறைத் தொழிற்சாலைக் காவலாளி. ஒருநாள் சுமைதூக்கும் போர்க்லிப்ட் வண்டியிலிருந்து பெட்டிகள் சரிந்து விழுந்த சத்தத்தில், பக்கத்தில் நின்ற தொழிலாளியைத் தரையில் தள்ளி அவன்மேல் படுத்து அமுக்கிக்கொண்டான். காப்பாற்றுவதாகவே நினைத்தான். தொழிலாளிக்குத் தோள்பட்டை விலகிப்போயிற்று. டாக்டர் சான்றிதழோடு வந்தால் வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்றுவிட்டார் மேலாளர்.

கிள்ளானில் பஸ் மாறி நாகையா அவன் வீட்டுக்குப் போனபோது, வேலாயுதம் சிரித்தபடி முட்டியைத் தடவிக் காட்டினான். வழியனுப்ப வெளியே வந்தவள் அவன் மனைவி தங்கமணி. அவன் கதவில் முதுகைச் சாய்த்தபடியே உறங்குகிறான் என்றும், அப்பாவிடம் பின்பக்கமாகப் போகக்கூடாதென்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருப்பதாகவும் தணிந்த குரலில் சொன்னாள்.

“அவருக்கு முட்டியில ஒண்ணும் இல்லண்ணே. தினம் காய் வாங்க பாசாருக்கு சைக்கிள் மிதிச்சுதான் போறாரு. நீங்களாவது டாக்டர்கிட்ட சொல்லுங்க.”

சொல்வதென்றுதான் நாகையா புறப்பட்டார். ஆனால் டாக்டரின் முன் நின்றதும், மூன்றாம் படிக்குப் போனவனைக் ‘கிலா’ என்று, பைத்தியமென்று, ஊர் முடிவுகட்டிவிடும் என்ற எண்ணம் குறுக்கே வந்தது. முட்டி வலி ரொம்பக் கடுமை என்று மட்டும் சொன்னார். தம் மொழியில் அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார். டாக்டரோ அதைத் தம் மொழியில் கேட்டு, வேலாயுதத்தை எலும்புப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே எக்ஸ்ரே எடுத்தார்கள், தைலம் கொடுத்தார்கள், முட்டியில் குறையேதும் இல்லை, வேலைக்குத் தகுதியானவர் என்று சான்றிதழும் கொடுத்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை மாடியறைக் கூட்டத்துக்கு வேலாயுதம் சான்றிதழோடு வந்தான். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புவதாகச் சொன்னான். எல்லோரும் கைகொடுத்தார்கள். நாகையாவால் மட்டும் நாற்காலியில் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் படிக்கட்டுக்குமாக நடந்தார். வெளியே ரயில்பெட்டிகள் மோதி இணையும் ஓசை கேட்டது. வேலாயுதத்தின் கை பக்கத்திலிருந்த ராதாகிருஷ்ணனின் தோளை எட்டிப் பிடித்து, பிறகு தானே விட்டது. விளையாட்டென்று எண்ணி ராதாகிருஷ்ணன் அதைத் தட்டிவிட்டார். நாகையா அதை விளையாட்டாக எண்ணவில்லை. போர்க்லிப்ட் ஓடாத நாளே இல்லாத அந்தத் தொழிற்சாலையில் அடுத்த முறை அந்தக் கை யார்மேல் விழும்?

“கோப்ரல், சென்ட்ரி டியூட்டி எப்பவோ முடிஞ்சு போச்சு லா. உக்காருங்க” என்றார் ராதாகிருஷ்ணன்.

“விடுங்கண்ணே. அவரு முட்டி ஒரு எடத்துல நிக்காது” என்றான் வேலாயுதம்.

அறையே சிரித்தது, டாக்டரும் சிரித்தார். வேலாயுதத்தின் விஷயம் நல்லபடியாக முடிந்தது என்றும், இனி வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதுகூடத் தேவைப்படாது என்றும் சொல்லி, அப்படித்தானே என்று நாகையாவைக் கேட்டார்.

நாகையா நின்றார். வேலாயுதம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தலை, வேண்டாம் என்பதுபோல் மிக மெல்ல அசைந்தது. அவனை மட்டும் காட்டிக்கொடுத்தால் இந்தப் படிக்கட்டை அவன் மறுபடி ஏறமாட்டான் என்பது அவருக்குத் தெரிந்தது.

“எனக்கு முட்டி வலி கிடையாது டாக்டர்” என்றார். “ஒரு நாளும் இருந்ததில்ல. எனக்கு இருக்கிறது பயம். லோரி டயர் வெடிச்சா இன்னமும் கீழ படுத்துடறேன். இவனுக்கும் அதேதான். திங்கக்கிழமை அவன வேலைக்கு அனுப்பாதீங்க. எங்க ரெண்டு பேரையும் நீங்களே பாருங்க.”