உறைக்குள் இருந்த கேள்வி

வெற்றிலையில் மை பூசி அரைமணி நேரம் உற்றுப் பார்த்த வவுனியா மைக்கார ஐயா, என் தையல் மெசினின் கையைக் கட்டி இருட்டறையில் அடைத்துவிட்டார். "ஆள் உயிரோடதான் பிள்ளை. கையைக் கட்டி இருட்டறையில வச்சிருக்கினம். சுத்திவரத் தண்ணிச் சத்தம் கேக்குது" என்றார். கேட்க வந்ததை மனதில் நினைக்கச் சொன்னவர் அவர்தான். நான் நினைத்தது என் கணவர் கோகுலனை அல்ல. போரில் இடம்பெயர்ந்தபோது உடையார்கட்டில், எங்கள் கிணற்றடியில், உரப்பையில் சுற்றி நானே புதைத்துவிட்டு வந்த மெசினை. துருப்பிடித்திருக்கும் என்று இன்றுவரை தோண்டவில்லை.

பக்கத்தில் கோகுலனின் தங்கை ராஜினி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காணாமற்போனவரின் பெண்சாதி வந்தால் இவர்களுக்கு மை தேவையில்லை, அவள் முகமே போதும். பதினாறு வருடமாக நான் போய்ப் பார்த்த எல்லோருக்கும் இதே இருட்டறைதான் தெரிந்தது.

ராஜினி விடவில்லை. கனடாவில் சிவகரன் என்று ஒருவர் முறையாகப் பயிற்சி எடுத்து, தூரத்தில் இருப்பதை மனதாலேயே காணும் தொலைப்பார்வை பார்க்கிறாராம். கிழமைக்கு ஒருநாள், வீடியோவில், இலவசமாம். அவருடைய முறை வேறு. கேள்வியை எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டு, உறைமேல் எழுதிய ஓர் எண்ணை மட்டும் அவருக்குச் சொல்ல வேண்டும். யார், எவர், எந்த ஊர் என்று மூச்சும் விடக்கூடாது. குளிரா சூடா, சொரசொரப்பா வழுவழுப்பா, என்ன மணம் என்று மனதில் பட்டதை மட்டும் எழுதுவார். இன்ன பொருள் என்று மனம் முந்திக்கொண்டு பெயர் சொன்னால், அதை ஓரத்தில் எழுதி வெட்டிவிடுவார். மைக்காரரிடம் இல்லாத அந்த அடக்கம் எனக்குப் பிடித்தது. ஆனாலும் முதல் உறையில் மெசினைத்தான் வைத்தேன்.

"குளிர். இரும்பு. எண்ணெய் மணம். மேல மண்" என்றார் சிவகரன்.

"ஐயோ அண்ணா!" என்று ராஜினி நிலத்தில் இருந்துவிட்டாள். நான் உறையைக் கிழித்துக் காட்டினேன். வாசித்தவள் என்னை வாய்க்கு வந்தபடி ஏசினாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மச்சாள், இவர் சரியாப் பாக்கிறார். இனி அண்ணாவைக் கேளுங்கோ."

எனக்குப் பயம் வந்தது. பயத்துக்குப் பின்னால் கோபமும் வந்தது. எங்கே என்று தேடுவது எங்கள் வேலையா? போர் முடிந்தபோது அவரைக் கூட்டிக்கொண்டுபோய் இராணுவத்திடம் ஒப்படைத்தவள் நான். "விசாரிச்சிட்டு விடுவம்" என்று கொப்பியில் பெயரைப் பதிந்து பஸ்ஸில் ஏற்றியவனுக்கு மையும் வேண்டாம், எண்ணும் வேண்டாம். அவனுக்குத் தெரியும். அடுத்த கிழமை நான் வேறொரு கேள்வியை எழுதி ஒட்டினேன்.

சிவகரன் வழக்கம்போல எண்ணை எழுதிவிட்டுக் கண்ணை மூடினார். "சூடு. வெளிச்சம். கதிரையில ஓர் ஆள். சாப்பிடுறார். பக்கத்தில பிள்ளையள் சிரிக்கிற சத்தம்."

"சாப்பிடுறாராம் மச்சாள்! அண்ணா சாப்பிடுறாராம்!"

அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருடம். அந்தச் சிரிப்பை அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் அவளையும் இருட்டறைக் கதையில் வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. உறையைக் கிழித்து நீட்டினேன்.

கோகுலனைக் கொண்டுபோனவன் இப்போது என்ன செய்கிறான் என்று எழுதியிருந்தேன்.

ராஜினி இரண்டு தரம் வாசித்தாள். என்னை ஏசவில்லை. சிவகரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன தங்கச்சி, நிப்பாட்டவோ?" என்று கேட்டார்.

"வேண்டாம் அண்ணை." ராஜினி போனைக் கிட்ட இழுத்தாள். "அந்த ஆளின்ர முகத்தைக் கீறுங்கோ."

திரையில் சிவகரனின் பேனை ஒரு காதடியில் தொடங்கி, தாடையை வளைத்து, மற்றக் காதை நோக்கி மெதுவாகப் போனது.