பச்சை ஆகாத ஒரு வரி

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் ஆசிரியர்களுக்கு இணையப் பாடத் தளத்தைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. எதிரிக்குக்கூட இந்தப் பிழைப்பு வாய்க்கக் கூடாது. பிள்ளைகளை வாயைத் திறக்காமல் உட்கார வைக்கிறவர்கள், தாங்களே மாணவர்களாக உட்கார்ந்தால் அடிக்கிற கூத்து இருக்கிறதே! அறிவியல் சார் தன் கடவுச்சொல்லை மறந்துவிடுவோம் என்று ஓய்வறை பீரோவின் மேல் சாக்பீஸால் எழுதி வைத்தார். பார்த்த இன்னும் சிலர் அதையே தங்களுக்கும் வைத்துக்கொண்டார்கள். தமிழம்மா எதை அழுத்துவதற்கு முன்பும், "ஒண்ணும் ஆயிடாதே?" என்று கேட்பார். நான் பதில் சொல்வதற்குள் அழுத்தியும் விடுவார்.

எப்படியோ தொண்டை வற்றக் கத்தி எல்லாரையும் கரையேற்றிவிட்டேன். தலைமை ஆசிரியை அறைச் சுவரில் ஒரு பெரிய திரை உண்டு. அதில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு வரி. முதல் பாடத்தை முடித்து 'அடுத்த பாடம்' என்ற பட்டனை அழுத்தினால் வரி சிவப்பிலிருந்து பச்சை ஆகும். எல்லாம் பச்சை, ஒன்பதாம் வகுப்புக் கணக்கு மட்டும் சிவப்பு. அந்த வரி என் கூடப்பிறந்த அக்காவுடையது.

"உங்க அக்கான்னெல்லாம் நான் பார்க்க மாட்டேன். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள பச்சை ஆகலைன்னா அந்த வகுப்பு அறிவியல் சாருக்கு" என்றார் தலைமை ஆசிரியை. "உங்க அக்கா, யாராவது லீவு போட்டா அந்த வகுப்புல போய் உட்காரட்டும்."

அந்தப் பிள்ளைகளை ஆறாம் வகுப்பிலிருந்து அக்காதான் கணக்கு சொல்லிக்கொடுத்துக் கூட்டிக்கொண்டு வருகிறாள். வீட்டில் சாப்பிடும்போதுகூட அவர்கள் பேச்சுதான். அந்த வகுப்பைப் பிடுங்கினால் இடிந்துபோவாள். இத்தனைக்கும் அழுத்த வேண்டியது ஒரே ஒரு பட்டன்.

கணினி அறையில் அக்கா ஒரு மாணவனின் விடைத்தாளைத் திரையில் பெரிதாக்கித் திருத்திக்கொண்டிருந்தாள். சுற்றி மற்ற ஆசிரியர்கள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"ஏன்க்கா என் மானத்த வாங்குற? ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்குறேன், என் அக்காவுக்கு ஒரு பட்டன் அமுக்கத் தெரியாதா?"

அறிவியல் சார் கனைத்துச் சிரித்தார். பீரோவில் கடவுச்சொல் எழுதியவர் சிரிக்கிறார்!

அக்கா நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். "எல்லாம் தெரியும்டி. அதுக்கு மேல என்ன எழுதியிருக்குன்னு நீ படிச்சிருக்கியா?"

பட்டனுக்கு மேலே சின்ன எழுத்தில் ஒரு வாக்கியம். ஊர் முழுக்கப் பயிற்சி கொடுத்த நான் அதை அன்றுதான் படித்தேன். 'இந்தப் பாடம் என் வகுப்பில் அனைவருக்கும் புரிந்துவிட்டது என்று உறுதி கூறுகிறேன்.'

"கடைசி பெஞ்சுல இருக்கிறதுங்களுக்கு, சமக்குறிக்கு அந்தப் பக்கம் போனா கூட்டல் ஏன் கழித்தலாகுதுன்னு இன்னும் புரியல. புரிஞ்சிடுச்சுன்னு நான் எப்படி உறுதி கூறுவேன்?"

"ஐயோ, அது சும்மாக்கா! யாரு அதெல்லாம் படிக்கிறா? எல்லாரும் அமுக்கிட்டுப் போயிட்டே இருக்காங்க."

"எல்லாரும் அமுக்கட்டும்" என்று விடைத்தாளுக்குத் திரும்பிவிட்டாள்.

கெஞ்சினேன். வகுப்பு போய்விடும் என்று சொன்னேன். அவள் முகம் வெளுத்தது, ஆனால் கை பட்டன் பக்கம் போகவில்லை. சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், பிடித்தால் பிடித்ததுதான். எங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டு அந்த வாக்கியத்தை எடுத்துவிடச் சொன்னேன். "அடுத்த வருஷம் பார்க்கலாம் மேடம், இப்ப அமுக்கச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்கள். பள்ளி நடுவில் நின்று போனைத் திட்டினேன்.

சாயங்காலம் தலைமை ஆசிரியை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். வரி சிவப்பாகவே இருந்தது. "வகுப்பை நீங்களே மாத்திக் கொடுத்துட்டுப் போங்க. எனக்கு அதெல்லாம் வராது" என்று தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார். அக்கா கதவோரம் நின்றாள். சாக்பீஸ் படிந்த விரல்களைப் புடவையில் துடைத்துத் துடைத்து, துடைக்க ஒன்றும் இல்லாத பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாம் வகுப்பைத் தேர்ந்தெடுத்தேன். அக்கா பெயரை எடுத்தேன். அறிவியல் சார் பெயரைப் போட்டேன். எத்தனையோ பள்ளிகளில் செய்ததுதான், கை தானாக ஓடியது. கடைசியில் 'மாற்று' என்ற பட்டன் வந்தது. அதற்கு மேலேயும் சின்ன எழுத்தில் ஒன்று இருந்தது. 'ஆசிரியர் முழு மனதுடன் இந்த மாற்றத்துக்குச் சம்மதித்துள்ளார்.'

பாழாய்ப் போன கண், இன்றைக்கென்று பார்த்துப் படித்துத் தொலைத்துவிட்டது.

அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சுவரிலிருந்த சிவப்பு வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைமை ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "என்னம்மா, ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்குற, ஒரு பட்டன் அமுக்கத் தெரியாதா?"

"தெரியும் மேடம்" என்றேன். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.