படம் பார்க்கிற டாக்டர்

கணவரின் நெஞ்சைப் பழுப்பு உறையில் போட்டு, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் தெருத் தெருவாக அலைந்தாள். நெஞ்சின் சொந்தக்காரரோ பேக்கரியில் பிரெட் சுட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு லீவு கிடைக்கவில்லை.

விஷயம் இதுதான். இருமல் விடவில்லை என்று அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இன்சூரன்ஸ் கார்டைக் காட்டியதும் எக்ஸ்ரே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். விலா எலும்புகளுக்கு நடுவே மிளகு அளவில் ஒரு வெள்ளைப் பொட்டு.

"எனக்கு நிச்சயமா சொல்லத் தெரியலம்மா. வெளியில படம் பார்க்கிற டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. நெஞ்சைத் திறக்கணுமா வேண்டாமான்னு அப்புறம் பார்க்கலாம்," என்றார் அங்கிருந்த டாக்டர். படம் பார்க்கிற டாக்டருக்கு அங்கே நாற்காலி மட்டும்தான் இருந்தது; ஆள் போடவில்லை.

வெளியில் போனால், ஒருவரும் கார்டை வாங்கவில்லை. படம் எடுக்கிற இயந்திரத்துக்குக் கார்டு செல்லுமாம், படத்தைப் பார்க்கிற கண்ணுக்குச் செல்லாதாம். இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

மீன் தொட்டி வைத்த ஸ்கேன் சென்டரில், "இந்தக் கார்டு எடுக்கறதில்லைங்க," என்றார்கள். அடுத்த இடத்தில், "போன மாசம் வரைக்கும் எடுத்தோம்." அதற்கடுத்த இடத்தில் தலையை நிமிர்த்தவே இல்லை.

"ஊர் உலகத்துல படம் பார்க்கறவங்கதான் காசு குடுப்பாங்க. இங்க படம் பார்க்கறவருக்கு நாம குடுக்கணுமாம்," என்றாள் துணைக்கு வந்த நாத்தனார். "வாங்க அண்ணி, கொஞ்சம் உக்காரலாம்."

ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்தார்கள். அவள் படத்தை உருவி வானத்துக்கு எதிரே பிடித்தாள். தெருச் சத்தமெல்லாம் தூரமாகப் போய்விட்டது. விலா எலும்புகளுக்குப் பின்னால் மேகம் மெதுவாக நகர்ந்தது. ஒரு புறா அவருடைய ஒரு பக்க நுரையீரலில் நுழைந்து மறுபக்கம் வெளியேறியது. இருபத்து நாலு மணி நேரமும் அடுப்பையும் மாவையும் பற்றியே பேசுகிற மனுஷனுக்குள் இவ்வளவு வானம் இருந்ததா? அந்தப் பொட்டு மட்டும் எங்கும் நகராமல் நின்றது. அவர் இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மூக்குக் கண்ணாடிக் கடையின் மாடியில்தான் கடைசியில் அந்த டாக்டர் கிடைத்தார். முன்னால் உட்கார்ந்திருந்தவர் கார்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எடுப்போம்," என்றார்.

"எடுப்பீங்கன்னா, முழுசாவா?" என்றாள் நாத்தனார், நம்பாமல்.

"முழுசாத்தான். உள்ள போங்க."

உள்ளே ஒரே இருட்டு. கண் பழகியதும், கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண்மணி தெரிந்தார். அவர் சுவரில் இருந்த விளக்குப் பெட்டியில் படத்தைச் செருகி வெகுநேரம் பார்த்தார்.

"பழைய படம் ஏதாவது இருக்கா? பொட்டு புதுசா, பழசான்னு தெரியணும். புதுசுன்னா கவலைப்படணும்."

"இல்லைங்க. இதான் மொதல் தடவை," என்றாள் அவள்.

சொல்லிக்கொண்டே தன் கைகளைப் பார்த்தாள். படத்தின் வழியாக வந்த மங்கலான நீல வெளிச்சம் விரல்களில் விழுந்திருந்தது. இந்தக் கைகளை இதே நிறத்தில் தினமும் பார்த்திருக்கிறோமே! காலையில், வெங்காயம் நறுக்கும்போது.

"ஐயோ! எங்க சமையல்கட்டு ஜன்னல்!" என்று கத்தியேவிட்டாள்.

பல வருஷத்துக்கு முன்னால் பேக்கரியில் சேரும்போது அவரிடம் நெஞ்சுப் படம் கேட்டிருந்தார்கள். வேலை கிடைத்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்த வாரம்தான் ஜன்னல் கண்ணாடி உடைந்தது. கண்ணாடி போடும்வரை இருக்கட்டும் என்று அந்தப் படத்தை அங்கே ஒட்டினார். கண்ணாடி போடுகிற நாள் வரவே இல்லை. அது எக்ஸ்ரே என்பதே எல்லோருக்கும் மறந்துபோயிற்று.

"போய் எடுத்துட்டு வாங்க. நான் இருக்கேன்," என்றார் டாக்டர்.

நாத்தனாரை அடகு வைத்ததுபோல அங்கேயே உட்கார்த்திவிட்டு வீட்டுக்கு ஓடினாள். ஒட்டியதைக் கத்தியால் கீறி எடுத்தாள். எண்ணெய்ப் பிசுக்கும் புகையும் ஏறிய படத்தை டாக்டர் முகம் சுளிக்காமல் ஈரப் பஞ்சால் துடைத்து, புதுப் படத்தின் பக்கத்தில் செருகினார்.

அதே இடம். அதே மிளகு.

அவளுக்கு அந்தப் பொட்டை நன்றாகத் தெரியும். சுண்ணாம்பு தெறித்தது என்று நினைத்து, எத்தனையோ தடவை துணியால் அழுத்தித் தேய்த்திருக்கிறாள். போகவே போகாது.

"கொஞ்சம்கூட வளரல. எப்பவோ வந்து தானா ஆறின தழும்பும்மா," என்றார் டாக்டர். "நெஞ்சைத் திறக்க வேண்டாம்னு எழுதித் தரேன். இருமலுக்கு மாவுத் தூசி காரணமா இருக்கலாம். மூக்குல துணி கட்டிக்கிட்டு வேலை செய்யச் சொல்லுங்க. ரெண்டு படத்தையும் பத்திரமா வைங்க. இன்னும் இருபது வருஷம் கழிச்சு அவர் இருமிக்கிட்டு வந்தாலும், பழசு எங்கன்னுதான் கேட்போம்."

அவள் தலையாட்டினாள். படிக்கட்டில் பாதி இறங்கியதும் உட்கார்ந்து, இரண்டு படங்களையும் மடியில் அணைத்துக்கொண்டு அழுதாள்.

"நல்லதுதானே சொன்னாங்க அண்ணி! இப்ப எதுக்கு அழறீங்க?"

"இருபது வருஷம்னாங்களே," என்றாள் அவள்.