உள்பக்கம் இடம் இருந்தது

2025 அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், சேலம்–ஏற்காடு மலைப்பாதையின் பதினொன்றாவது கொண்டை ஊசி வளைவில், மேலே ஏறிக்கொண்டிருந்த வாடகைக் கார் ஒன்று அதே திசையில் ஏறிக்கொண்டிருந்த மொபெட்டை இடித்தது. மொபெட்டில் இருந்தவர் கிளியூரைச் சேர்ந்த எஸ்டேட் தொழிலாளி சின்னன், வயது நாற்பத்தேழு. அவருடைய இடது கால் தடுப்புச் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் சிக்கியது. காரை ஓட்டியவன் செம்மநத்தம் விஜயகுமார், வயது முப்பத்தொன்று. காரில் பயணிகள் இல்லை.

சின்னனைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்திச் சேலத்துக்குக் கொண்டுபோனவனும் விஜயகுமார்தான். அடிவாரம் வரும்வரை அவன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை என்று எதிரே வந்த பஸ் டிரைவர்கள் சொன்னார்கள். அதனாலேயே முதல் இரண்டு நாள் போலீசாரும் அவனிடம் தன்மையாகத்தான் பேசினார்கள்.

ஏற்காடு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நூர் முகமதுவின் பேக்கரி இருக்கிறது. அதன் உள்ளறையில் ஒரு டிவி. பந்தயம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மகன் ஹாரிஸ் தன் போனிலிருந்து ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத்தை அதில் ஓட்டுவான். வழக்கமாக வருகிறவர்கள் மூன்று பேர். விஜயகுமார், தனியார் பள்ளியொன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கும் ஆசிர், ஏரிக்கரை ஹோட்டலில் வரவேற்பில் வேலை பார்க்கும் கவிப்பிரியா. இரண்டு கார்கள் உரசிக்கொண்டால் இவர்கள் பந்தயத்தின் நடுவர்கள் சொல்வதோடு நிறுத்திக்கொள்ள மாட்டார்கள். பந்தயம் முடிந்ததும் தாங்களே உட்கார்ந்து விசாரிப்பார்கள். காட்சியைப் பத்து இருபது தடவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். மூன்று பேர் நடுவர்கள், ஒருவர் வக்கீல். தோற்ற கட்சி எல்லோருக்கும் முட்டை பப்ஸ் வாங்க வேண்டும். இதை 'விசாரணை' என்றே சொல்வார்கள். ஹாரிஸ் அந்தக் காட்சிகளில் கோடும் அம்பும் போட்டு, பாட்டுச் சேர்த்து, இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கமும் நடத்திவந்தான்.

விபத்துக்கு முந்தைய ஞாயிறு நடந்த விசாரணை, முன்னால் போகும் கார் தன் இடத்தை எப்படிக் காக்கலாம் என்பதைப் பற்றியது.

"ஒரு தடவை நகரலாம். அதுவும் பிரேக் புடிக்கறதுக்கு முன்னாடி. பிரேக்ல கால வெச்சுட்டு நகந்தா அது தப்பு. அவன் நகந்தானா இல்லீங்களா?" என்றாள் கவிப்பிரியா.

"அவன் நகரல கவி. ரோடு நகந்துச்சு," என்றான் ஆசிர்.

விஜயகுமார் எப்போதும் முரட்டுத்தனமாக ஓட்டுகிறவர்களின் வக்கீல். "இடத்த விட்டுக் குடுக்கறவன் டிரைவரே இல்ல கண்ணு. முன்னால போறவன் வழி உடாம கதவச் சாத்தோணும். பின்னால வர்றவன் மூக்க உள்ள உடோணும். வளைவுக்கு உள்பக்கம் போனவனோட முன்சக்கரம் அடுத்தவன் கண்ணாடிக்கு நேரா வந்துருச்சா, அப்பறம் ரோடு அவனோடது. அம்புட்டுத்தான் ரூலு."

"அப்பறம் எதுக்குங்ணா பத்து செகண்ட் தண்டன குடுத்தாங்க?"

"அவுங்களுக்கு என்ன தெரியும்? டை கட்டிட்டு மேசைல உக்காந்துட்டு இருக்கறவங்க."

"டை கட்டிட்டு மேசைல உக்காந்துட்டு இருக்கறவதானுங்ணா நானும்."

ஆசிர் சிரித்துச் சிரித்து டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். கல்லாவிலிருந்து நூர் முகமது எட்டிப் பார்த்தார். "ஏனுங்க சாமி, அந்தக் கார்க்காரன் ஜெயிச்சா நம்முளுக்கு ஒரு பன்னாவது வாங்கித் தருவானா?" என்றார். அன்று விஜயகுமார் தோற்றான். பப்ஸ் வாங்கிக் கொடுத்தான். தீர்ப்பை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

விபத்து நடந்த அன்று மாலை அவன் பேக்கரிக்கு வந்தபோது சட்டையில் இருந்த ரத்தம் காய்ந்திருந்தது. தண்ணீர் குடித்தான். போனை மேசைமேல் வைத்தான். காரின் முன்கண்ணாடியில் ஒரு சின்ன கேமரா உண்டு. அதில் பதிவானதை அவன் போனில் ஏற்றி வைத்திருந்தான்.

"நீங்களே பாருங்க. எம்மேல தப்பா, இல்லியா. அத மட்டும் சொல்லுங்க."

"போலீஸ்ல என்ன சொன்ன?" என்றான் ஹாரிஸ்.

"சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன். நீ இதப் பாரு மாப்ள. லைசென்ஸ் போச்சுன்னா அப்பறம் செம்மநத்தத்துல மொளகுக் கொடிக்குத்தான் தண்ணி ஊத்தோணும். எனக்கு வேற தொழில் தெரியாது."

காட்சி அரை நிமிடம்கூட இல்லை. முன்னால் சின்னனின் மொபெட், பின்னால் தவிட்டு மூட்டை. வலப்பக்கம் திரும்பும் வளைவு. மொபெட் இடது ஓரமாக ஏறுகிறது. சாலையோரம் மழையில் சரிந்த ஜல்லி கிடக்கிறது. மொபெட் ஜல்லியை விட்டுச் சற்று வலப்பக்கம் ஒதுங்குகிறது. அதற்குள் கார், கீழே இறங்கும் வண்டிகளுக்கான பக்கத்தில் உள்ளே நுழைந்துவிட்டது. வளைவின் நடுவில் இரண்டும் அருகருகே. வளைவு முடியும் இடத்தில் கார் வெளிப்பக்கமாக விரிகிறது. மொபெட் படத்திலிருந்து மறைகிறது. ஒரு சத்தம்.

ஆசிர், "திருப்பிப் போடு," என்றான்.

திருப்பிப் போட்டார்கள். நிறுத்தினார்கள். வேறு எப்படிப் பார்ப்பதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஆசிர் திரையில் விரலை வைத்தான். "இதோ பாருங்க. வளைவு நடுவுல இவன் முன்சக்கரம் அந்த வண்டிக் கண்ணாடியத் தாண்டியிருச்சு. வளைவு இவனோடது."

"வெளிப்பக்கம் இருக்கறவருக்கு ஒரு வண்டி போற அளவுக்கு இடம் உடோணும்ல?" என்றாள் கவிப்பிரியா.

"நேரா பக்கத்துல இருந்தாத்தான். அவரு பின்னால தங்கிட்டாரு. அதுவுமில்லாம அவரு நகந்தாரு, பாரு. பிரேக் லைட் எரியுது, வலது பக்கம் வர்றாரு. பிரேக்ல நகந்தா என்ன?"

"தப்பு," என்றான் ஹாரிஸ். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"அவரு ஜல்லிக்கு ஒதுங்கறாருங்ணா. ஹாரன் அடிச்சீங்களா விஜயண்ணா?"

"எஃப் ஒன் கார்ல ஹாரன் எங்க இருக்குது?" என்றான் ஆசிர். சிரிப்பு வந்தது. விஜயகுமாரும் கொஞ்சம் சிரித்தான். கவிப்பிரியா சிரிக்கவில்லை.

கவிப்பிரியா ஒருத்தி எதிர்த்தாள். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், விஜயகுமார்மேல் தவறில்லை என்று விசாரணை முடிந்தது. அவன் எழுந்து ஹாரிஸின் தோளைத் தட்டினான். வீடியோவை அவனுக்கு அனுப்பிவிட்டுப் போனான். அன்று யாரும் பப்ஸ் வாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமைக்குள் ஊரில் பேச்சு மாறியது. விஜயகுமார் குடித்திருந்தான் என்றார்கள். போனில் பேசிக்கொண்டே ஓட்டினான் என்றார்கள். டாக்சி ஸ்டாண்டில் ஒரு கிழவர் ஹாரிஸின் முகத்துக்கு நேராகவே, "உங்க கடைல கார் ரேஸ் காட்டி ஆளக் கெடுத்துப் போட்டீங்க சாமி," என்றார். ஹாரிஸுக்கு அது பொறுக்கவில்லை. விஜயகுமார் குடிக்கவில்லை, போனில் பேசவில்லை, எல்லாம் விதிப்படிதான் நடந்தது; அதற்குச் சாட்சி தன் கையிலேயே இருக்கிறது என்று நினைத்தான்.

அன்று கடையடைத்த பிறகு உட்கார்ந்து வீடியோவைத் தயார் செய்தான். வளைவின் நடுவில் காட்சியை நிறுத்தி, காரின் மூக்கிலிருந்து மொபெட்டின் கண்ணாடிக்கு மஞ்சள் கோடு போட்டான். மொபெட் ஒதுங்கும் இடத்தில் சிவப்பு அம்பு வைத்து, 'பிரேக்கிங்கில் நகர்வு – விதிமீறல்' என்று எழுதினான். சத்தத்தைக் கேட்டபோது மோதலுக்கு முன்னால், பேக்கரியில் யார் காதிலும் விழாத விஜயகுமாரின் குரல் இருந்தது. இரண்டு தடவை கேட்டான். பிறகு அசல் சத்தத்தை எடுத்துவிட்டுப் பாட்டு ஒன்றைச் சேர்த்தான். தலைப்பு: 'என் நண்பன் மேல் தவறில்லை. ஆதாரம் இதோ.' விஜயகுமாரிடம் கேட்கவில்லை. அவன் சந்தோஷப்படுவான் என்று நினைத்தான்.

காலையில் விஜயகுமாரிடமிருந்து போன் வந்தது.

"அத எடுத்துரு மாப்ள."

"ஏன்டா? உனக்கு நல்லதுதான? கமெண்ட்ல பாதிப் பேரு உன் பக்கம்."

"எடுன்னா எடு. இப்பவே."

ஹாரிஸ் எடுத்துவிட்டான். அதற்குள் சேலத்திலும் நாமக்கல்லிலும் பல குழுக்களில் அது சுற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் காவல் நிலையத்திலிருந்து இருவரையும் கூப்பிட்டார்கள். அங்கே சுவரோர பெஞ்சில் சின்னனின் மனைவி ராணி உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் கேட்ட எஃப்.ஐ.ஆர். நகலுக்காகக் காத்திருந்தார். சப்-இன்ஸ்பெக்டர் வெங்கடாசலம் போனைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"விஜயகுமாரு, அன்னிக்கு நீ என்ன எழுதிக் குடுத்த? மொபெட்டு சுவத்தோரம் நின்னுட்டு இருந்துச்சு, திடீர்னு ரோட்டுக்குள்ள வந்துச்சுன்னு. கேமரா இருக்குதான்னு கேட்டேன். ரிப்பேருன்னு சொன்ன."

வெங்கடாசலம் விஜயகுமார் எழுதிக் கொடுத்த தாளை மேசைமேல் வைத்தார்.

"நானும் அப்படித்தான் எழுதி வெச்சிருந்தேன். ஆள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவன், பொய் சொல்ல மாட்டான்னு. சின்னனுக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. வேற சாட்சியும் இல்ல." அவர் ஹாரிஸின் பக்கம் திரும்பினார். "நீதான தம்பி இதச் செஞ்சது? நொம்ப நல்லாச் செஞ்சிருக்க. எங்க ஆளுக ஒரு மாசம் அளந்தாலும் இப்புடி வராது. கொண்டை ஊசி வளைவுல, எறங்கற வண்டிக்கான பக்கத்துல, முன்னால போற வண்டியத் தெரிஞ்சே முந்துனான்னு கோடு போட்டுக் காட்டியிருக்க."

"இல்லீங்க சார், அது ரேஸ் ரூலுங்க. முன்சக்கரம் கண்ணாடிக்கு நேரா..." ஹாரிஸ் நிறுத்தினான்.

"மலைல வளைவுல முந்தக் கூடாது தம்பி. ஒரே ரூலுதான். அதுக்கு நேரும் இல்ல, கோணலும் இல்ல."

ராணி எழுந்து வந்தார். "அதுல எங்கூட்டுக்காரரு இருக்கறாருங்களா? நானும் பாக்கறனுங்க."

வெங்கடாசலம் தயங்கினார். பிறகு போனைக் காட்டினார். பாட்டோடு காட்சி ஓடியது. ராணி முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"அவருகிட்ட ஒரு செவப்பு அம்பு வெச்சிருக்குதே, அது என்னுங்க?"

ராணி ஹாரிஸைப் பார்த்தார். அவன்தான் செய்தவன் என்பது பேச்சிலிருந்து அவருக்குப் புரிந்திருந்தது.

"அது... ஒரு குறிங்க்கா."

"என்னமோ எழுதியிருக்குதுங்களே."

"இங்க ஒதுங்கறாருன்னு எழுதியிருக்குதுங்க."

"ஆமாங்க. அந்த எடத்துல ஜல்லி. நேத்துப் போறப்பவும் கெடந்துச்சு," என்றார் ராணி. பிறகு, "பாட்டு எதுக்குங்க போட்டிருக்குது?" என்று கேட்டார்.

பாட்டில்லாத வீடியோ வேண்டும் என்றார் வெங்கடாசலம். ஹாரிஸ் விஜயகுமாரைப் பார்த்தான். விஜயகுமார், "குடுத்துரு," என்றான். நிலையத்தில் எல்லோரும் கேட்கும்படி அது ஓடியது. எஞ்சின் சத்தம், கியர் மாற்றும் சத்தம். ஹாரன் இல்லை. வளைவுக்குள் நுழையும்போது விஜயகுமாரின் குரல், பேக்கரியில் டிவியைப் பார்த்துப் பேசும் அதே குரல், தனக்குத்தானே சொன்னது: "உள்ள இடம் இருக்குது. போ."

வெங்கடாசலம் ஒரு காகிதத்தை எடுத்தார். முதலில் எழுதிய வாக்குமூலத்தை மாற்றி எழுதச் சொன்னார். விஜயகுமார் எழுதினான். ராணி நகலை வாங்கிக்கொண்டு சேலம் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

வெளியே வந்ததும் ஹாரிஸ், "நீ போலீஸ்ல அப்புடிச் சொன்னேன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்றான்.

"நீ போடறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"தப்பில்லன்னு சொன்னமேடா. ரெண்டுக்கு ஒண்ணு."

"ஆமா," என்றான் விஜயகுமார். "நானும் அத நம்பிட்டேன்." அவன் செம்மநத்தம் போகும் ஜீப்பில் பின்னால் ஏறிக்கொண்டான். டிரைவர் தெரிந்தவர்தான். முன்சீட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார். இவன் போகவில்லை.

அடுத்த பந்தயத்துக்குக் கவிப்பிரியா வரவில்லை. ஹோட்டலில் வேலை இருக்கிறது என்று ஹாரிஸுக்குச் செய்தி அனுப்பினாள். ஆசிர் வந்தான். இரண்டு கார்கள் உரசின. தண்டனை உண்டா இல்லையா என்று வர்ணனையாளர்கள் வெகுநேரம் பேசினார்கள். ஆசிர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஹாரிஸ் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பன் தட்டுகளைத் துடைக்கப் போனான். பந்தயம் முடியும் முன்பே நூர் முகமது வந்து, வந்திருந்த சுற்றுலாப் பயணிகள் கேட்டதால், கிரிக்கெட்டுக்கு மாற்றினார்.

நவம்பர் கடைசியில் சின்னனின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். டிசம்பரில் போக்குவரத்து அலுவலகம் விஜயகுமாரின் ஓட்டுநர் உரிமத்தை ரத்து செய்தது. சேலம் நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. அவனுடைய காரை அடிவாரத்தைச் சேர்ந்த ஒருவர் வாங்கிக்கொண்டார். கேமராவைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறார். விஜயகுமார் செம்மநத்தத்தில் மிளகுத் தோட்டத்தில் வேலை செய்கிறான்.