இருவருக்கு ஒரு ஓட்டு

1

இந்தக் கதையை ஒரு மாட்டுத் தொழுவத்திலிருந்து திருடினேன். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் நான் கால்நடை மருத்துவன். ஈனமுடியாமல் தவித்த பசுவிடமிருந்து கன்றை இழுத்துக்கொண்டிருந்தபோது பண்ணைக்காரர் வீபே, "இந்தத் தேர்தல் என் முறை" என்றார். நெதர்லாந்திலிருந்து வந்து முப்பது வருடமாகக் குடியுரிமை வாங்காமல் பச்சை அட்டையோடு (கிரீன் கார்டு) இருப்பவர்; ஓட்டு கிடையாது. மனைவி லவோனுக்கு உண்டு. அந்த ஓட்டை இருவரும் முறை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்: ஒரு தேர்தலில் லவோன் விருப்பம், அடுத்ததில் வீபே விருப்பம்.

(வீபேயின் முறைகளில் லவோன் அவர் சொன்னபடிதான் போட்டாரா? திரைக்குள் யார் பார்த்தது?)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'குடிமக்களுக்கு மட்டுமே வாக்குரிமை என்று மாநில அரசியலமைப்பைத் திருத்துவது குறித்து...' ஐயோ, எனக்கே கொட்டாவி வந்தது. விஷயம் இவ்வளவுதான்: அந்தத் திருத்தத்துக்கு ஆம் அல்லது இல்லை என்று இந்தத் தேர்தலில் சொல்ல வேண்டும். பார்த்தால், இது வீபேயின் முறை.

இப்போதும்தான் அவருக்கு ஓட்டு இல்லையே, பிறகென்ன என்பீர்கள். நானும் கேட்டேன்.

"கதவு பூட்டித்தான் இருந்துச்சு. இப்ப ஆணியும் அடிக்கறாங்க" என்றார்.

3

இங்கே எனக்கு வீபே மேல் சந்தேகம் வந்தது. இத்தனை வருடத்தில் ஏன் குடியுரிமை வாங்கவில்லை? தாய்நாட்டுப் பற்று, ஒரு பழைய காதல் என்று எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. நேரில் கேட்டேவிட்டேன். நேர்காணலுக்குப் போய்வர ஒரு நாள் ஆகும், அன்றைக்குப் பால் யார் கறப்பது என்றார். நம்புவதா என்று தெரியவில்லை, அப்படியே விட்டுவிடுகிறேன்.

4

தேர்தல் காலை. வழியெல்லாம் வீட்டு வாசல்களில் 'ஆம்' பலகைகள். லவோனின் அண்ணன் வாசலிலும் ஒன்று. தேவாலயத்துக்கு வெளியே, கீழ்த்தளத்து வாக்குச்சாவடிக்குப் போகிறவர்களைப் பார்த்தபடி வீபே வண்டியை நிறுத்தினார்.

"சொல்லு, என்ன போடட்டும்?" என்றார் லவோன்.

"இந்தத் தடவை நீயே போடு."

"முறை உன்னுது."

"தெரியும். என்னைப் பத்தி நீ என்ன நெனைக்கறேன்னு ஒரு தடவை தெரிஞ்சுக்கணும்."

லவோன் கதவுப் பிடியில் கை வைத்தார். "வெளிய வந்து பொய் சொன்னா கண்டுபிடிச்சுடுவியா?"

"கண்டுபிடிச்சுடுவேன்."

லவோன் இறங்கிப் போனார்.

5

இரண்டு முடிவுகளும் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டிலும் லவோன் வண்டியில் ஏறி, "வீட்டுக்குப் போலாம்" என்கிறார். வீபே முகம் மட்டும் மாறுகிறது.

ஆனால் இப்போது லவோன் திரைக்குப் பின்னால், கையில் கறுப்புப் பேனாவோடு நிற்கிறார். அந்தப் பேனாவை என்னால் நகர்த்த முடியவில்லை. நானும் பச்சை அட்டைக்காரன்தான். உங்களுக்கும் இங்கே ஓட்டு இல்லை. வெளியே வீபே எஞ்சினை அணைக்காமல் காத்திருக்கிறார்.

உங்கள் முறை.